9 கிலோ விலாக்கறியை முழுசாக ரோஸ்ட் பண்ண நேரக் கணக்கு என்ன?

பெரியசட்டி:

வணக்கம். இருபத்தைந்து பேருக்கு 9 கிலோ மாட்டு விலாக்கறி சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு விலா எலும்போடு ஒரே துண்டு. நீளம் 38 செ.மீ., அகலம் 20 செ.மீ., பருத்த இடத்தில் கனம் 16 செ.மீ. மின்சார ஓவனின் உள் அகலம் 48 செ.மீ., ஆழம் 40 செ.மீ. இரவு 8 மணிக்குப் பரிமாற வேண்டும்.

இரண்டு கிலோ துண்டு வரை பழக்கம் உண்டு. 180 டிகிரியில் கிலோவுக்கு 40 நிமிடம் என்று வைத்தால் சரியாக வரும். அந்தக் கணக்குப்படி இதற்கு 6 மணி நேரம் ஆக வேண்டும். அது சரிதானா? சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நடுவில் சிவந்திருக்க வேண்டும், மீதிப் பேர் சிவப்பைக் கண்டாலே தொடமாட்டார்கள். ஒரே துண்டில் இரண்டும் முடியுமா? சமைப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைக்க வேண்டும்?

தணல்:

180 டிகிரியில் 6 மணி நேரம் வைத்தால் கறி சக்கையாகிவிடும். கிலோ கணக்கு சின்னத் துண்டுகளுக்கு ஏதோ ஒத்துவரும், பெரிய துண்டில் கைவிட்டுவிடும். ஏனென்றால் கறி வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது எடை இல்லை, கனம், அதாவது தடிமன். வெப்பம் மேற்பரப்பிலிருந்து நடுவுக்குப் போக வேண்டிய தூரம்தான் கணக்கு. உங்கள் துண்டு இதே கனத்தில் இரண்டு மடங்கு நீளமாக இருந்தாலும் நேரம் அதிகம் கூடாது. கனம் இரண்டு மடங்கானால் மட்டும் நேரம் மூன்று, நான்கு மடங்கு ஆகிவிடும். அதனால் தராசை ஒதுக்கிவிட்டு அளவுகோலை எடுங்கள். 16 செ.மீ. கனத்துக்கு, ஃபிரிட்ஜிலிருந்து நேராக 120 டிகிரி ஓவனில் வைத்தால், நடு 51 டிகிரியைத் தொட நாலரை முதல் ஐந்தரை மணி நேரம் ஆகும். (நான் சொல்வதெல்லாம் செல்சியஸ். விசிறி ஓடும் ஓவன் என்றால் 105 டிகிரியில் வையுங்கள்.)

பெரிய துண்டுக்கு 180 ஏன் கூடாது என்றால், நடு 50 டிகிரிக்கு வருவதற்குள் வெளிப்பக்கம் மூன்று, நான்கு செ.மீ. ஆழத்துக்கு 75, 80 டிகிரியைத் தாண்டிவிடும். கறியின் நார்ப்புரதங்கள் 50 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்குகின்றன. 65-ஐத் தாண்டியதும் நன்றாகச் சுருங்கி, சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். வெட்டினால் நடுவில் ஒரு சிவப்பு வட்டம், சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வறண்ட கறி என்று இருக்கும். 120 டிகிரியில் மெதுவாக வெந்தால் ஓரத்திலிருந்து நடுவரை ஏறக்குறைய ஒரே நிறம்.

அந்த வெப்பத்தில் மேலே நிறம் ஏறாது. அதற்குக் கடைசியில் தனியாக ஒரு சூடு. உள்ளே வெந்ததும் வெளியே எடுத்து, அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். ஓவனை 250-க்கு ஏற்றிவிட்டு, தாளை எடுத்துவிட்டு 8 முதல் 10 நிமிடம் உள்ளே வையுங்கள். மேல்தோல் அதற்குள் காய்ந்திருப்பதால் சீக்கிரம் முறுகிவிடும். முதலில் அதிக சூட்டில் வைத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்று சொல்வார்கள். அப்படி எதுவும் அடைபடுவதில்லை. முறுகல் நிறத்துக்கும் ருசிக்கும் மட்டும்தான். 250-க்குப் போகுமுன் ட்ரேயில் சேர்ந்த கொழுப்பை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுக்கப் புகை.

வெளியே எடுத்து வைக்கும் கதைக்கு வருகிறேன். இந்தக் கனத்தில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் நடுவில் ஓரிரு டிகிரிகூட ஏறாது. உண்மையிலேயே நடுவரை குளிர் விட வேண்டுமென்றால் அரை நாள் ஆகும், அதற்குள் மேற்பரப்பில் கிருமி பெருகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்குப் போகட்டும்.

பாதிப் பேர் கேள்விக்கு: துண்டைக் குறுக்கே வெட்டி இரண்டாக்குங்கள், நாலு எலும்பு ஒன்று, மூன்று எலும்பு ஒன்று. நாலு எலும்புத் துண்டை 51-ல் எடுத்தால் ஆறும்போது தானாகவே 53, 54-க்கு வரும். சிவந்த பதம் அதுதான். மூன்று எலும்புத் துண்டை 66-ல் எடுங்கள், 69 வாக்கில் நிற்கும், சிவப்பு இருக்காது. வெட்டிய முகங்கள் வழியாகவும் சூடு போவதால் நாலு எலும்புத் துண்டு நாலு, நாலேகால் மணி நேரத்தில் வந்துவிடும். மூன்று எலும்புத் துண்டுக்கு ஐந்து முதல் ஐந்தரை. ஆகவே அதை ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே வைத்துவிட்டால் இரண்டும் அடுத்தடுத்து முடியும்.

உப்புக்கல்:

தணல் சொன்னதோடு உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டில் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். மேலே மட்டும் உப்புக் கரிக்கும், நடுவில் சப்பென்றிருக்கும். உப்பு கறிக்குள் இறங்குவது மிக மெதுவாக, சில செ.மீ. போகவே நாட்கணக்கில் ஆகும். பரிமாறும் நாளுக்கு மூன்று நாள் முன்பே உப்புத் தடவிவிடுங்கள். எலும்பு போக 7 கிலோ கறி இருக்கும், அதற்கு 1.25 சதவீதம் என்றால் ஏறக்குறைய 90 கிராம். தராசில் நிறுத்தே போடுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. பக்கவாட்டிலும் வெட்டிய முகத்திலும் நன்றாகத் தேயுங்கள். மேலே உள்ள கொழுப்பு அடுக்கை மட்டும் கத்தி நுனியால் கட்டம் கட்டமாகக் கீறி, கீறலுக்குள் உப்பு போகும்படி செய்யுங்கள். கீறல் கறியைத் தொடக் கூடாது.

பிறகு கம்பித்தட்டு மேல் வைத்து, கீழே ட்ரே, மூடாமல் ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில். முதலில் நீர் விடும், பிறகு அந்த நீரையே உப்போடு உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு காய்ந்து பழுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், முறுகலுக்கு அந்தக் காய்ச்சல்தான் வேண்டும்.

மிளகு, பூண்டு, மிளகாய் எல்லாம் எத்தனை நாள் ஊறினாலும் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். அதனால் அவற்றை முன்கூட்டியே போட்டுப் பயனில்லை. மிளகைச் சமைக்கிற அன்று தடவுங்கள். அரைத்த பூண்டு கடைசி 250 டிகிரியில் கருகிக் கசந்துவிடும். வேண்டுமானால் வடித்த கொழுப்பில் வதக்கிக் கறி மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

கறி உறைந்து வருகிறதென்றால் நாட்கணக்கு இன்னும் முன்னால் போகும். ஃபிரிட்ஜில் 2 முதல் 2.5 கிலோவுக்கு ஒரு நாள் என்று வையுங்கள். 9 கிலோ இளக நாலு நாள் ஆகும், அதன் பிறகு உப்புக்கு மூன்று நாள். நடு உறைந்திருக்கும்போது ஓவனில் வைத்தால் தணல் கொடுத்த நேரம் எதுவும் ஒத்துவராது.

பெரியசட்டி:

இருவருக்கும் நன்றி. உறையாத கறிதான். இரண்டாக வெட்டச் சொல்லிவிடுகிறேன். கறிக்கடைக்காரர் எலும்பை எடுத்துவிட்டுச் சுருட்டிக் கட்டித் தருகிறேன், ஊசி மெஷினில் குத்தி மெதுவாக்கியும் தருகிறேன் என்கிறார். வெட்டிப் பரிமாற எளிது என்று தோன்றுகிறது. செய்யலாமா? இன்னொன்று, அதே விலைக்கு இன்னும் பெரிய முன்தொடை கிடைக்கும், 10 கிலோவுக்கு மேல். அதை இதே முறையில் செய்ய முடியுமா?

தணல்:

ஊசி மெஷின் வேண்டவே வேண்டாம். சுருட்டவும் வேண்டாம். இது ருசி சம்பந்தப்பட்டதில்லை, உடம்பு சம்பந்தப்பட்டது.

முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அந்த மேற்பரப்பு ஓவனில் நன்றாகச் சூடேறிவிடும். நடுவில் 54 டிகிரி மட்டுமே இருந்தாலும் பலரும் துணிந்து சாப்பிடுவது இதனால்தான். ஊசி குத்தினால் மேலிருந்த கிருமியை நடுவரை கொண்டுபோய் விட்டதாகிறது. சுருட்டினாலும் வெளிமுகம் உள்முகமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட கறியைச் சிவப்பாக விடக் கூடாது. நடுவிலேயே 71 டிகிரி வர வேண்டும், ஓவனும் 160-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். நீங்கள் இவ்வளவு செலவு செய்து வாங்கும் விலாக்கறியின் பயன் அதோடு போய்விடும்.

எலும்பு வெட்டுவதற்கு இடைஞ்சல் என்றால் கடைக்காரரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: எலும்பு வரிசையை ஒரே பலகையாக வெட்டிப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் வைத்து நூலால் கட்டித் தரச் சொல்லுங்கள். அந்த வெட்டு முகம் ஓரமாக இருப்பதால் நடுவைவிட நன்றாகவே சூடேறும். கறி வெந்ததும் நூலை அறுத்தால் எலும்பு தனியாக வந்துவிடும், பிறகு ரொட்டி வெட்டுவது மாதிரிதான். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும், ஒவ்வொரு எலும்பு இடைவெளியிலும் ஒரு முடிச்சு. பிளாஸ்டிக் கலந்த நூல் 250 டிகிரியில் உருகிவிடும்.

பொது உணவுப் பாதுகாப்பு அளவு முழுத்துண்டு மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் நடுவில் 63 டிகிரி, பிறகு 3 நிமிடம் ஆற விடுவது. 54 அதற்குக் கீழே. எனவே கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறி வருபவர்கள் யாராவது பந்தியில் இருந்தால் அவர்களுக்கு மூன்று எலும்புத் துண்டிலிருந்து மட்டும் கொடுங்கள்.

கங்கு:

முன்தொடைக்கு இந்த முறை அறவே ஆகாது. விலா, முதுகுப் பக்கம் எல்லாம் மாடு அதிகம் வேலை வாங்காத தசை, மென்மையானது, பதமாக நிறுத்தினால் போதும். முன்தொடை, நெஞ்சு, முழங்கால் பக்கம் எல்லாம் ஓயாமல் உழைத்த தசை. உள்ளே ஜவ்வும் நரம்பும் நிறைய. 54-ல் எடுத்தால் ரப்பர்தான். அந்த ஜவ்வு கரைந்து பசையாக மாற வேண்டும். அது 70 டிகிரியில் மிக மெல்லவும் 80-க்கு மேல் வேகமாகவும் நடக்கும். நடுவில் 92 முதல் 95 வரை போகவிட்டு, கம்பியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

10 கிலோ முன்தொடை 120 டிகிரியில் 12 முதல் 16 மணி நேரம் பிடிக்கும். அதில் ஒரு கட்டம் எல்லோரையும் கலங்கடிக்கும். 65, 70 டிகிரி வரை சீராக ஏறிக்கொண்டே வந்த உள்வெப்பம் அப்படியே நின்றுவிடும், இரண்டு மூன்று மணி நேரம் அசையாது. தெர்மாமீட்டர் பழுதாகவில்லை. கறியின் மேலே கசியும் நீர் ஆவியாகும்போது வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோலக் கறியைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. காத்திருக்கலாம். நேரம் இல்லையென்றால், நிறம் திருப்தியாக வந்திருக்கும் பட்சத்தில் அலுமினியத் தாளால் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி மறுபடி உள்ளே வையுங்கள். ஆவி வெளியேற வழியில்லாததால் மீண்டும் ஏறத் தொடங்கும். மேல் முறுகல் கொஞ்சம் நமத்துப் போகும், அதைக் கடைசியில் சூட்டில் காட்டி மீட்டுக்கொள்ளலாம்.

முன்தொடையில் ஒரு பெரிய வசதி, நேரம் தப்பாது. சீக்கிரம் முடிந்துவிட்டால் தாளோடு, மேலே தடித்த துவாலை சுற்றி, காலி ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் மூன்று நாலு மணி நேரம் சூடாகவே இருக்கும். உள்ளே 60 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். 54-ல் எடுத்த விலாக்கறிக்கு இந்தப் பெட்டி வித்தை செய்யக் கூடாது, ஆரம்பத்திலேயே அது 60-க்குக் கீழே இருக்கிறது.

இருபத்தைந்து பேருக்குக் கறி போதுமா என்று பார்ப்பதானால்: முன்தொடை 95 வரை போகும்போது எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 54-ல் நிற்கும் விலாக்கறி அவ்வளவு இழக்காது. எலும்போடு 9 கிலோ என்றால் ஆளுக்கு 360 கிராம் பச்சைக்கறி, தாராளமாகவே போதும்.

கத்திமுனை:

நல்ல தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஒயரோடு ஊசி உள்ளேயே இருந்து, அளவு வெளியே தெரிகிற வகை வேண்டும். இரண்டு துண்டு என்பதால் இரண்டு ஊசி. முந்தின நாளே ஐஸ்கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் முக்கிப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். இரண்டு டிகிரி கூடக் காட்டினால் அதைக் கழித்துப் படியுங்கள்.

ஊசியின் நுனி மிகப் பருத்த இடத்தின் நடு மையத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து குத்தாமல் வெட்டு முகத்திலிருந்து படுக்கையாகச் செருகினால் மையம் பிடிப்பது எளிது. எலும்பில் முட்டினாலோ கொழுப்பு வரியில் நின்றாலோ அளவு பொய்யாக இருக்கும். கடைசி நேரத்தில் ஊசியை ஒரு செ.மீ. இழுத்தும் தள்ளியும் பாருங்கள். கிடைப்பதில் மிகக் குறைந்த அளவுதான் உண்மையான நடு.

ஓவன் குமிழ் காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம். குளிர்ந்த 9 கிலோவை உள்ளே வைத்ததும் ஓவன் வெப்பம் சரசரவென்று இறங்கும், ஏற அரை மணி நேரம்கூட ஆகலாம். கதவைத் திறந்து திறந்து பார்த்தால் இன்னும் தாமதம். கீழ்க் கம்பித்தட்டில் வையுங்கள். தட்டைப் பாதி வெளியே இழுத்த நிலையில் இந்தப் பாரம் கவிழ்ந்துவிடும், ட்ரேயோடு முழுதாக வெளியே எடுத்துத்தான் எதுவும் செய்ய வேண்டும். எடுத்து வைக்க இடம் முன்பே தயாராக இருக்கட்டும். இரண்டு துண்டுக்கும் நடுவே மூன்று செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் மறுபடி ஒரே துண்டு மாதிரிதான் வேகும்.

8 மணிக்குப் பரிமாற, மூன்று எலும்பு 12:45-க்கு உள்ளே, நாலு எலும்பு 1:45-க்கு உள்ளே. 6 மணியை ஒட்டி இரண்டும் வெளியே வரும். ஆறும் நேரம், 7:15-க்கு 250 டிகிரி, 7:30-க்குக் கத்தி. இடையில் நேரம் தப்புகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி: நடுவெப்பம் 30-ஐத் தாண்டியபின் ஏற்றம் ஏறக்குறைய சீராக இருக்கும். அரை மணியில் 6 டிகிரி ஏறியதென்றால் மீதி 11 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 4 மணிக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிந்துகிறதென்றால் அப்போதே ஓவனை 140-க்கு ஏற்றுங்கள். கடைசி அரை மணியில் 200-க்கு ஏற்றினால் நடுவுக்கு அது போய்ச் சேராது, ஓரம் மட்டும்தான் வீணாகும். அதிலும் சூட்டைக் கூட்டினால் ஆறும்போது ஏறுவதும் கூடும், எனவே 51-க்குப் பதில் 49-லேயே எடுக்க வேண்டும். முந்துகிறதென்றால் ஓவனை அணைத்துக் கதவைத் திறந்து சூட்டை இறக்கிவிட்டு, 65-ல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

வெட்டும்போது நீளமான, மெல்லிய கத்தி. எலும்புப் பலகையை எடுத்துவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு செ.மீ. கனத்தில். எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி அடுக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் ஆறிப்போகும். பந்தி நகர நகர வெட்டுங்கள். பலகையில் ஓடும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர். அதைச் சொல்லியும் முகம் சுளிப்பவர் இருந்தால் அவருடைய துண்டைக் கொதிக்கும் எலும்புச் சாற்றில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் சிவப்பு போய்விடும். மூன்று எலும்புத் துண்டு தீர்ந்துபோனாலும் இது கைகொடுக்கும்.

பெரியசட்டி:

விலாக்கறியே எடுக்கிறேன். எலும்பைப் பிரித்துக் கட்டித் தரச் சொல்லிவிட்டேன், ஊசி மெஷின் வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. மீந்தால் அந்தப் பெரிய துண்டை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

உப்புக்கல்:

அப்படியே வைக்காதீர்கள். வேகுவதற்கு மெதுவாக இருந்த அதே கனம் குளிர்வதற்கும் மெதுவாகத்தான் இருக்கும். மேலே தொட்டால் ஜில்லென்றிருக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். கிருமிக்கு அதுதான் தோதான இடம். கடைசிச் சூட்டிலிருந்து வெளியே எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து செ.மீ.க்கு மேல் கனமில்லாத துண்டுகளாக வெட்டி, அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், சூடாக்கும்போது 74 டிகிரிக்கு ஏற்றுங்கள். சிவந்த துண்டை மறுபடி சூடாக்கினால் எப்படியும் சிவப்பு போய்விடும். சிவப்பு வேண்டுமென்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மெல்லிசாக அரிந்து குளிர்ச்சியாகவே சாப்பிடலாம். ஏழு எலும்பையும் எறியாதீர்கள். முழுகத் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் நல்ல சாறு இறங்கும்.

தணல்:

பாதி எலும்பை வேறு வகையிலும் தீர்க்கலாம். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் கறி முன்தொடை மாதிரி ஜவ்வு நிறைந்தது, 54-ல் கடிக்க முடியாது. பந்தியில் எலும்பைப் பலகையாக எடுத்ததும் தாளில் சுற்றி 140 டிகிரி ஓவனில் போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் எலும்பைப் பிடித்து இழுத்தாலே கறி கழன்று வரும்.